சினத்தம்பூ கறந்த பால்

மொரீஷியஸிலிருந்து பி.காம். படிக்க பெங்களூர் வந்தவனின் பெயர், பாஸ்போர்ட்டின்படி, சினத்தம்பூ வயாபுரி. கொள்ளுத்தாத்தா கப்பலேறும்போது சின்னத்தம்பியாகத்தான் இருந்தார். இறங்கிய இடத்தில் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டான். குடும்பமும் அதைத் திருத்தப் போகவில்லை.

அங்கே அவன் அப்பாவுக்கு மளிகைக்கடை. வீட்டில் பால் என்றால் டின்னில் வரும் பவுடர்தான். 1996-இல் பிரேசர் டவுனில் அறையெடுத்துத் தங்கியிருந்தவன், ஒருநாள் காலை ஜீவனஹள்ளிப் பக்கம் ஓடப் போனபோது, பால்காரி முத்தம்மாவின் மாட்டுக் கொட்டகையில் செம்புக்குள் பால் நுரைத்து ஏறுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். ஊருக்குப் போனதும் பால் பண்ணை வைத்தால் என்ன? முதலில் இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும்.

“அக்கா, ஒரு மாசம் நான் இங்க வேலை செய்றேன். சம்பளம் வேணாம்,” என்றான், ஒரு வருடத்தில் பொறுக்கி வைத்திருந்த தமிழில்.

“சம்பளம் வேணாம்னு சொல்றவன் எதையாவது தூக்கினு போவான்,” என்றாள் முத்தம்மா, புருஷன் அசோகனிடம். தூக்கிப் போக அங்கே ஐந்து மாடும் சாணியும்தான் இருந்தன. அசோகன் சேர்த்துக்கொண்டான்.

முதல் வாரம் சாணி அள்ளினான். இரண்டாம் வாரம் ரோஸியின் கீழே உட்கார வைத்தார்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு டீச்சர் வீட்டிலிருந்து வாங்கிய கறுப்பு வெள்ளைப் பசு அது. முதல் நாள் உதைத்தது. மறுநாள் உதைக்கக்கூட இல்லை. பாலை அடக்கிக்கொண்டு, அவனைக் கவனிக்காமல் தவிடு தின்றது. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

இதற்கிடையே அசோகன் டீக்கடையில், “நம்ம கொட்டாய்ல இப்ப ஃபாரின்காரன் பால் கறக்கறான்,” என்று சொல்லிவிட்டான். மறுநாள் விடிந்தபோது வாடிக்கைக்காரர்களுக்குப் பின்னால், பாலே வாங்காத பதினைந்து பேர் வெறுங்கையோடு நின்றிருந்தார்கள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கறுத்த மேனி, மீசை, மடித்துக் கட்டிய லுங்கி.

“இவரா ஃபாரின்? வாணியம்பாடி ஆளு மாதிரி இருக்காரு,” என்றார் ஜெயராமன். அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அத்தாட்சி கேட்பார். அத்தாட்சி வந்தது. அவன் அறைக்கு ஓடிப்போய் எடுத்து வந்த பாஸ்போர்ட்டைச் சாணி படாமல் விரல் நுனியில் பிடித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“இது ஸ்பெல்லிங் மிஸ்டேக்பா. சின்னத்தம்பின்னு இருக்கணும். ஒரு அஃபிடவிட் போட்டா சரியாயிடும். அப்புறம் நீ நம்ம ஆளுதான்.”

கூட்டம் சிரித்தது. முத்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “தம்பி, உங்க பாஷைல ரெண்டு வார்த்தை பேசிக் காட்டு. என் மானம் போவுது.”

அத்தனை பேருக்கு முன்னால் யாரிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ரோஸியின் பக்கம் திரும்பி, அதன் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, சின்ன வயதில் இடி இடித்தால் அம்மா தங்கள் கிரியோல் மொழியில் சொல்வதைச் சொன்னான்.

“ஆலே, மோ ஸேர், பா பேர்.”

ரோஸி தவிடு மெல்வதை நிறுத்தியது. காதுகள் திரும்பின. அவன் விரல்களுக்கிடையில் காம்பு கனத்தது. பால் செம்பை நிறைத்து, வாளியையும் முக்கால்வாசி நிறைத்தது. ஜெயராமன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு லிட்டர் வாங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் அசோகன் கறக்க உட்கார்ந்தால் ஒரு சொட்டு வரவில்லை. தட்டிக் கொடுத்தான், கன்றை விட்டுப் பார்த்தான், கன்னடத்தில் திட்டியும் பார்த்தான். கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “ஆலே மோசே பாப்பே,” என்று முணுமுணுத்தான். பால் வந்தது.

“அதுக்கு இன்னா தம்பி அர்த்தம்?” என்று முத்தம்மா கேட்டாள்.

“வா, என் கண்ணே, பயப்படாதேன்னு அர்த்தம் அக்கா.”

முத்தம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். “பதினெட்டு வருசத்துல என்னைப் பாத்து ஒரு தபா அப்படி சொல்லியிருக்கியா நீ?” அசோகன் வாளியோடு அடுத்த மாட்டின் கீழே போய் உட்கார்ந்தான்.

பரீட்சை முடிந்து, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன சினத்தம்பூ, அப்பாவிடம் பண்ணை விஷயத்தைப் பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டு ஜூனில் திரும்பினான். வந்த மறுநாளே கொட்டகைக்குப் போனான். தூக்குப் பாத்திரங்களோடு நின்ற வரிசை முழுவதும், ஜெயராமன் உட்பட, ஒரே குரலில் “ஆலே மோசே பாப்பே” என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து மாடுகளுக்கும் பால் சுரந்தது.

சந்தோஷத்தில் அவனும் ரோஸியிடம் உட்கார்ந்து, அம்மா சொல்கிற மாதிரியே திருத்தமாகச் சொன்னான். ரோஸி மிரண்டு ஒதுங்கியது. பால் நின்றுவிட்டது.

“தம்பி, நீ தப்பா சொல்றே,” என்றார் ஜெயராமன் பொறுமையாக. “பாப்பே. பேர் இல்ல, பாப்பே.”

“சார், இது என் பாஷை.”

“இருக்கட்டும்பா. மாட்டுக்குப் புரியணும் இல்ல?”

சினத்தம்பூவின் காது சூடாயிற்று. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் வரிசை காத்திருந்தது; ரோஸியின் மடியும் கனத்துத் தொங்கியது. அவன் மறுபடி நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, ஜீவனஹள்ளிக்காரர்கள் சொல்கிறபடி சொன்னான். பால் வந்தது.