ஒன்பது கடைக்கு ஒரு காவலாளி

பண்டாரவளையில் இத்ரூஸின் போன் கடையில் அந்த வருடம் மூன்றாவது தடவையாகக் களவு போயிருந்தது. காலையில் கடையைத் திறந்தவர் அண்ணாந்து பார்த்தார். கூரைத் தகரத்தைக் கழற்றி இறங்கியிருந்தார்கள்.

முதல் களவுக்குப் பிறகு ஜன்னலுக்குக் கம்பி அடித்தார். இரண்டாவதற்குப் பிறகு கெமரா பூட்டினார். இப்போது பாதுகாப்புக் கம்பெனிக்காரர் வந்து, காவலுக்கு ஆள் வைத்தால்தான் சரிவரும் என்றார். அவர் கேட்ட மாதக் கட்டணம், கடையில் வேலை செய்யும் விஜயலெட்சுமியின் சம்பளத்தைவிட அதிகம்.

இரண்டையும் கடை தாங்காது. பூனாகலையிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிற்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மதியத்துக்குப் பிறகு ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

அவள் வாசலுக்கு வந்து கடை வரிசையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "நம்ம வரிசையில ஒம்பது கடை இருக்குங்க மொதலாளி. எல்லாரும் சேந்து ஒரே ஆள வச்சா என்ன?" என்றாள்.

"ஸியாம் சேரமாட்டான். நாங்க ரெண்டு பேரும் பேசி நாலு வருஷமாச்சு."

"நீங்க பேச வேணாம். நான் போறேன்."

வரிசைக் கோடியில் அதே வியாபாரம் செய்பவர் ஸியாம். மற்றக் கடைகளுக்குப் போய்விட்டுத்தான் அங்கே போவாள் என்று இத்ரூஸ் நினைத்தார். அவளோ நேரே அங்கேதான் போனாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"சேர்றாராம்."

"என்ன சொன்ன புள்ள?"

"ஒங்க கடையிலயும் களவு போயிருக்குதானே, ஏன் மறைக்கிறீங்கன்னு கேட்டேன். மேட்டு ரோட்டுல பஸ் வர்றப்ப பாத்தா, அவங்க கூரையில ஒரு தகரம் மட்டும் புதுசா மின்னுது."

அதே ரோட்டில் இருபது வருடமாக வந்து போகிறவர் இத்ரூஸ். ஒரு நாளும் ஸியாமின் கூரையைப் பார்த்ததில்லை. அவளை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸியாமே சேர்ந்துவிட்டார் என்றதும் மற்றவர்களுக்கு மறுக்க வழியில்லை. ஒன்பது கடைக்கும் ஒரே ஒப்பந்தம் என்று கம்பெனிக்காரரிடம் அவளே பேசிக் கட்டணத்தைக் குறைத்தாள். காவலாளி வந்தார். அதன் பிறகு அந்த வரிசையில் ஒரு களவும் நடக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால், கூடுதல் சம்பளத்துக்குத் தன் கடைக்கு வரும்படி ஸியாம் அவளைக் கேட்டார். அதை அவள் இத்ரூஸிடம் ஒளிக்கவில்லை. அவர் உடனே அதே சம்பளத்தைத் தருவதாகச் சொன்னார். கம்பிக்கும் கெமராவுக்கும் செலவழித்தபோது இருந்த கசப்பு இதில் துளியும் இல்லை.

"அவன்கிட்ட என்ன சொல்லியிருக்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேங்க," என்றாள்.

இத்ரூஸ் சிரித்துவிட்டு, இன்னும் ஆயிரம் கூட்டிச் சொன்னார்.