கங்காணி தேடிய தரகர்

பெரிய கங்காணி முருகையாவுக்கு யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் பிடிக்காது. சிரித்துக்கொண்டே எதையாவது கொடுத்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. ஏன் கொடுத்தான், எதற்குக் கொடுத்தான் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார்.

சும்மா சொல்லக்கூடாது, அதற்குக் காரணமும் இருந்தது. முப்பது வருஷமாகத் திருச்சிச் சீமைக்கும் கடலுக்கு அப்பால் பதுளை மலைக்கும் போய்வந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டியவர் அவர். முசிறி, துறையூர்ப் பக்கம் மழை பொய்த்த ஊராகப் பார்த்து இறங்குவார். வாய் நிறையச் சிரிப்பார். நடுங்குகிறவன் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்துவார். "மலையில வீடு காத்துக்கிட்டு இருக்கு, வீட்டுக்குப் பின்னால தோட்டம் போட எடம் இருக்கு" என்பார். வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சனங்களுக்குத் தெரியும், வீடென்றால் லயம் என்ற வரிசைக் கொட்டடியில் பத்தடி அறை, அதிலும் இரண்டு குடும்பம் என்று. கம்பளிகூடச் சும்மா வந்ததில்லை, அதன் விலையும் கடன் கணக்கில் ஏறியிருக்கிறது என்பது அதற்கும் பிறகுதான் தெரியும். அவருடைய மனைவி மாரியாயியே அப்படிக் கட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்துப் பெண்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது தனக்கென்று ஒரு வீடு வாங்க வேண்டியதாயிற்று. பசறைக்கு மேலே அவர் இருந்த தோட்டத்தில் துரை மாறினார். புதுத் துரை தனக்குத் தோதான பெரிய கங்காணியையும் கையோடு கூட்டிவந்துவிட்டார். முருகையா குடியிருந்த ஓட்டு வீடு தோட்டத்துச் சொத்து. தை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும், போக்கிடம் இல்லையென்றால் லயத்தில் ஓர் அறை தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

லயம் என்றதும் மாரியாயி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அந்தப் புகையிலும் ஈரத்திலும் கிடந்தவள் அவள்.

"எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம்" என்றாள். "எறங்கிப் போன்னு எந்த நாயும் சொல்ல முடியாத ஒரு வீடு வேணும். உள்ளுக்குத் தாப்பாள் போட்டுட்டு, விடியுமுன்ன ஆள் கூப்புடுற பெரட்டுச் சத்தம் கேக்காம ஒரு நாளாச்சும் தூங்கணும். அது போதுங்க."

ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம். மாட்டுக் கரத்தையில் இருவரும் டவுனுக்கு இறங்கியபோது நல்ல மழை. கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த ஸலீம் தரகும் பார்ப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனார்கள். ஸலீம் முப்பது வயதுக்காரன், வாய் ஓயாத பேர்வழி. வாசலில் நனைந்து நின்ற மாரியாயியைக் கண்டதும் உள்ளே ஓடிப் போய் ஒரு கம்பளியை எடுத்துவந்து நீட்டினான்.

"போத்திக்கங்க அம்மா. காய்ச்சல் வந்திடும். எனக்கு ஒண்ணும் தரத் தேவல்ல" என்று சிரித்தான்.

போயிற்று! கங்காணி உஷாராகிவிட்டார். கம்பளி, சிரிப்பு, இனாம். இதே மாதிரி எத்தனை தோளில் அவர் போர்த்தியிருக்கிறார்! யாரிடம் வந்து யார் வித்தை காட்டுவது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

ஸலீம் காட்டிய வீடு பசறைப் பாதை ஏறுமிடத்தில் இருந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, கொல்லையில் ஒரு பலாமரம். கணவரை இழந்த ஸித்தி ஸுபைதா என்ற அம்மாளுக்குச் சொந்தம். பண்டாரவளையில் மகள் வீட்டோடு போய் இருப்பதற்காக விற்கிறார். ஆம்பிளைகள் இருவரும் முன்வாசலில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். மாரியாயி மட்டும் உள்ளே போய் அந்த அம்மாளோடு அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினாள். வெளியே வந்தபோது அவள் முகமே மலர்ந்துபோயிருந்தது.

"ஒரு குறையச் சொல்லிடணும் ஐயா" என்றான் ஸலீம். "அடுப்படிப் பக்கம் கூரை ஒழுகுது. பத்து ஓடு மாத்தணும். பொறகு என்னை ஏசக்கூடாது பாருங்க."

கங்காணிக்குச் சிரிப்பு வந்தது. அட பாவி, இதையும் கற்று வைத்திருக்கிறானே! சின்னக் குறையை நாமே சொல்லிவிட்டால் பெரிய பொய்யை எதிராளி அப்படியே விழுங்கிவிடுவான். "அங்க குளிரு கொஞ்சம் ஜாஸ்தி, பொய் சொல்ல மாட்டேன்" என்று துறையூர்ச் சந்தையில் அவர் சொல்லாத நாளில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று ஒற்றை வார்த்தையில் வெட்டிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் மாரியாயிக்குச் சொல்லாமல் தனியாக டவுனுக்குப் போனார். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு கந்தோர் வாசலில் லத்தீப் என்று இன்னொரு தரகர் உட்கார்ந்திருப்பார். அவர் உட்காரச் சொல்லவில்லை. சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆகா, இவனல்லவா மனுஷன் என்று கங்காணிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆளைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமிருந்தால் இப்படி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வானா?

"ஸுபைதா உம்மாட வீடா?" என்றார் லத்தீப். "அதில வில்லங்கம் இருக்கு. மூத்த மகன் கண்டியில. அவன் கையெழுத்து வைக்கமாட்டான். வாங்கினா வழக்குத்தான். ஏலுமெண்டா பொறுங்க, விசாரிச்சுச் சொல்றன். ஏலாட்டிப் போங்க."

பொறுங்க, இல்லாட்டிப் போங்க! இந்த ஒரு சொல்லிலேயே கங்காணி கவிழ்ந்துவிட்டார். ஆள் பிடிக்கிற எவன் வாயிலும் "போங்க" என்ற சொல் வந்து அவர் கேட்டதில்லை. லத்தீப்பையே தன் தரகராக வைத்துக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

வீட்டுக்கு வந்து மாரியாயியிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு. சொன்னால் அது எங்கே சுற்றி எப்படித் திரும்பி வருமோ என்று பயம்.

மூன்றாம் நாள் ஸலீமிடமிருந்து ஆள் வந்தது. அந்த அம்மாள் அவசரப்படுகிறாராம், வேறு ஒருவரும் கேட்கிறாராம், சீக்கிரம் வாருங்கள் என்று. ஐந்தாம் நாள் மறுபடியும் வந்தது.

"பாத்தியா, பாத்தியா!" என்று கங்காணி தொடையைத் தட்டினார். "அவசரப்படுத்துறான். கப்பல் நாளைக்குக் கெளம்பிடும், எடம் ரெண்டுதான் இருக்குன்னு நான் சொல்லாததா? எவன் அவசரப்படுத்துறானோ அவன் திருடன்."

"நெசமாவே வேற ஆளு கேட்டா என்னங்க செய்யிறது?" என்றாள் மாரியாயி. "எனக்கு அந்த வீடு புடிச்சிருக்கு. அந்தம்மாவும் நல்லவங்க. போய்ப் பேசி முடிச்சிடுங்க."

"ஒனக்கு ஒலகம் தெரியாது, சும்மா கெட."

அவள் சும்மாதான் கிடந்தாள். ஆனால் தை மாதம் சும்மா கிடக்கவில்லை. லத்தீப்பிடமிருந்து ஒரு சேதியும் வராமல் ஒன்பது நாள் ஓடிற்று. பத்தாம் நாள் மாரியாயி, "நீங்க வராட்டி நான் நடந்தே போறேன்" என்று கிளம்பிவிட, வேறு வழியில்லாமல் கங்காணியும் கரத்தை பூட்டச் சொன்னார்.

பசறைப் பாதை முனையில் அந்த வீட்டு வாசலில் இரண்டு கரத்தைகள் நின்றன. லுணுகலை அரிசி வியாபாரி ஒருவருடைய பெட்டியும் கட்டிலும் இறங்கிக்கொண்டிருந்தன. பலாமரத்தடியில் லத்தீப் நின்றார். கங்காணியைக் கண்டதும் அந்த மனிதர் முதன்முதலாகச் சிரித்தார்.

"முடிஞ்சிட்டு கங்காணி. இவருக்குத்தான் பாத்துக்கிட்டிருந்தன். உங்களுக்கு வேற பாப்பம்."

"மகன் கையெழுத்து வைக்கமாட்டான்னு சொன்னியே!" என்று கத்தினார் முருகையா.

மாரியாயி திரும்பிப் பார்த்தாள். "எந்த மகன்? அந்தம்மாவுக்கு ஏதுங்க மகன்? ரெண்டும் பொண்ணுங்க. அடுப்படியில உக்காந்திருந்தப்பவே சொன்னாங்களே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

கங்காணி சட்டென்று பலாமரத்தடிப் பக்கம் திரும்பினார். லத்தீப் மெல்ல நழுவிவிட்டார். மாரியாயி வாசலில் நின்றபடியே அந்த வீட்டைப் பார்த்தாள். கண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை. பிறகு கடைவீதியைப் பார்த்து நடந்தாள்.

ஸலீம் அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் முகத்திலும் வருத்தம்தான். "எட்டு நாள் அந்த உம்மாவைக் கெஞ்சி நிப்பாட்டி வச்சன் ஐயா. நீங்க வரல்ல. அவங்க என்ன செய்யிற? போகட்டும். ஓயா ஆத்துப் பக்கம் ஒரு சின்ன வீடு வருது. மண் சுவர்தான், ஆனா உறுதிப் பத்திரம் சுத்தமா இருக்கு. வேணுமெண்டா நொத்தாரிசு ஒருத்தருக்கிட்டக் காட்டிப் பாருங்க. இப்பவே போவமா?"

நியாயமான மனிதனாக இருந்தால் அங்கேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பான். நம்ம கங்காணியோ கண்ணை இடுக்கினார். இத்தனை அலைக்கழித்தும் இவனுக்குக் கோபம் வரவில்லையே, ஏன்?

"ஒனக்கு இதுல என்ன ஆதாயம்? உள்ளதச் சொல்லு" என்றார்.

"தரகுதான் ஐயா. வேறென்ன?" என்றான் ஸலீம், ஒன்றும் புரியாமல்.

"அதுக்கு மேல என்னன்னு கேக்குறேன்."

மாரியாயி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தம்பி, இனிமே எங்கிட்டப் பேசுங்க. நீங்கதான் எங்க தரகர். உறுதியக் காட்டிப் பாத்துக்கலாம், மொதல்ல வீட்டக் காட்டுங்க, நான் வர்றேன்."

"ஏய், அறிவிருக்கா? யாரு எவருன்னு தெரியாம..." என்று கங்காணி பாய்ந்தார்.

அவள் புருஷனை நேருக்கு நேர் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை.

"எங்கப்பன் ஒங்க பேச்ச நம்பித்தான் எங்க நாலு பேரையும் கூட்டிக்கிட்டுக் கப்பலேறினாரு. ஏமாந்து போனது நாங்க. ஏமாந்த நானே இன்னும் நாலு மனுசங்கள நம்பிக்கிட்டுத்தான் இருக்கேன். ஏமாத்துன ஒங்களுக்கு எதுக்குங்க இம்புட்டுப் பயம்?"