நாலு மணிப் புள்ளி

‘சொந்தக் கவனக்குறைவு’ என்று ஆலைக்காரர்கள் கடிதம் அனுப்பியிருந்தார்கள். என் அப்பா வீரமுத்து, மலேசியாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தாறு வருஷம் பழம் அவித்தவர். நீராவி இறங்குவதற்கு முன்னே அவராகவே பழம் அவிக்கும் இரும்பு உருளையின் கதவைத் திறந்து செத்துப்போனாராம். என் அப்பாவா? சோற்றுப் பானையைக்கூட ஆறவிட்டுத்தான் திறப்பார்.

நான் ரஹாங்கில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளர். மூடிய உருளைக்குள் நீராவியின் சூடும் அழுத்தமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அழுத்தமானி பழுதாகிப் பூஜ்யத்தில் நின்று, அதை நம்பி அப்பா திறந்திருந்தால், அன்றைய பதிவில் அழுத்தம் பூஜ்யம் என்றும் சூடு நூற்றிருபது என்றும் இருக்கும். வரைபடத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நிற்கும். திங்கட்கிழமை விசாரணையில் ஆலைக்காரர்கள் வாயை அடைக்க அது போதும்.

அப்பாவோடு வேலை செய்த அமிர்தலிங்கம் மாமா, அப்பா எழுதிவந்த பதிவேட்டை நகலெடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை வரைய உட்கார்ந்தேன். அம்மா பக்கத்திலேயே இருந்தாள். மணிக்கொரு பதிவு, தினம் பத்துப் புள்ளி. முப்பது நாள் குறித்தும் தாளில் பத்துப் புள்ளிதான் தெரிந்தது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. மெஷின் இவ்வளவு ஒழுங்கா என்று முட்டாள்போல் சந்தோஷப்பட்டேன்.

கடைசி நாளைக் குறித்தேன். அதே பத்து. எதுவும் விலகவில்லை.

அப்புறம்தான் நேரத்தைப் பார்த்தேன். அப்பா செத்தது காலை பத்தே முக்காலுக்கு. பதிவேட்டில் அன்று சாயங்காலம் நாலு மணிவரை அவர் கையெழுத்தில் அழுத்தமும் சூடும் இருந்தன.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

“எல்லாரும் அப்படித்தாம்மா. காலைல தேத்தண்ணி குடிக்கறப்பவே முழு நாளுக்கும் எழுதிருவோம். ஆபீஸ்ல எவன் பாக்கப் போறான்லா?”

இத்தனை வருஷம் எவனும் பார்க்கவில்லை. நாளைக்கு எல்லாரும் பார்ப்பார்கள். அப்பாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரிடம் காட்டுவது?

“அப்பா மேல தப்பில்லன்னு காட்டுதா புள்ள?” அம்மா கேட்டாள்.

“காட்டுதும்மா,” என்றேன்.

அம்மா எழுந்துபோய், நாளை விசாரணைக்குக் கட்டிவரப் புடவையை எடுத்து வைத்தாள்.