திருப்பிக் கொடுத்த கொசுறுப் பூ

அந்த ஆளை எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. புவேனஸ் ஐரிஸைச் சுற்றிப் பார்க்க வரும் எங்கள் ஊர்க்காரர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது மூன்றே மூன்றுதான்: நல்ல மாட்டிறைச்சி எங்கே கிடைக்கும், கறுப்பு ரொட்டி கிடைக்குமா, இங்கே ஏன் முன்பின் தெரியாதவனெல்லாம் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறான். இவர் எதையும் கேட்கவில்லை. "நஸார்" என்று பெயரை மட்டும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, பின்னால் நின்ற என் கணவனைப் பார்த்தார்.

அறுபதைத் தாண்டிய ஆள். ஒட்ட வெட்டிய முடி, விறைத்த முதுகு, இந்த வெயிலுக்குப் பொருந்தாத கனத்த கோட்டு. ஒரு கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

இங்கே குடியேறிய ரஷ்யர்கள் நாங்கள். எங்கள் மொழியில் ஊரைச் சுற்றிக் காட்டுவது எங்கள் பிழைப்பு. வாய் என்னுடையது. என் கணவன் தெம்யான் வெந்நீர்க் குடுவையையும், மாத்தே என்னும் இந்த ஊர்க் கசப்பு மூலிகைத் தேநீர் குடிக்கும் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். வாடிக்கையாளர்களுக்கு அவன் பெயர் ஆன்டன். தெம்யான் என்ற பெயர் எங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே மட்டும்தான் புழங்கும். அவன் போர்முனையிலிருந்து ஓடிவந்தவன். பிடித்துக்கொண்டு போனால் சிறை, அல்லது சிறையே தேவலை என்று தோன்றும் இடம். வேறொரு நாட்டில் இவனைப் போலவே ஒளிந்திருந்த ஒருவனைப் பார்க்க யாரோ சுற்றுலாக்காரர் போல வந்ததாகவும், அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை என்றும் எங்கள் ஆட்களுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து யாராவது கதவைத் தட்டினால் முதலில் விளக்கை அணைப்பேன்.

மே சதுக்கத்தில் தொடங்கினோம். நடுவில் இருக்கும் வெள்ளைத் தூணைச் சுற்றித் தரையில் வெள்ளைத் தலைத்துணிகளை வரைந்திருப்பார்கள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ராணுவ ஆட்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள், இந்த வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, 'எங்கள் பிள்ளை எங்கே' என்று கேட்டு இதே இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள், வியாழக்கிழமைகளில் இப்போதும் நடக்கிறார்கள் என்றேன்.

"பதில் கெடச்சுதா?" என்றார் நஸார். அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான்.

"சில பேருக்கு எலும்பு கெடச்சுது சார்."

"எலும்பு கெடச்சா பெரிய விஷயம்தான்."

என்ன மனிதன் இவன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குள் அவர் போனை எடுத்துத் தரையைப் படம் பிடித்தார். போன் மெதுவாக நிமிர்ந்தது. தெம்யான் மேல் வந்து நின்றது.

நான் குறுக்கே போய் நின்றேன். "சார், ஆன்டனுக்குப் போட்டோ பிடிக்காது."

"ஏன், பொண்டாட்டி திட்டுவாளா?"

"ஆமா. அந்தப் பொண்டாட்டி நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. போன் பைக்குள் போனது. கூடவே கையும் போனது.

சான் தெல்மோவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய சோடாப் புட்டிகளையும் கிராமபோன் குழல்களையும் பரப்பி வைத்திருக்கும் அந்தத் தெருவில் கூட்டம் நெரியும். அவர் ஒரு கடைமுன் குனிந்த நேரத்தில் தெம்யான் என் பக்கத்தில் வந்தான்.

"ஸோயா, அந்தாளு என் காதையே பாக்கறான்."

தெம்யானுடைய இடது காதில் மடல் கிடையாது. குண்டுச் சிதறல் கொண்டுபோய்விட்டது.

"பாவம், இவ்வளவு அழகான காத அவர் எங்க பாத்திருப்பாரு" என்றேன். சொல்லிக்கொண்டே அந்தக் காதை மறைத்து நின்றேன்.

"வெளையாடாத. நான் கூட்டத்துல அப்படியே நழுவிடறேன்."

"நழுவினா சந்தேகம் ஊர்ஜிதமாயிடும். பகல்ல, இத்தன பேர் நடுவுல என்ன பண்ணிடுவான்? சும்மா வா."

அப்படிச் சொன்னது சரிதானா என்று யோசிப்பதற்குள் நஸார் திரும்பிவிட்டார்.

"தம்பி எந்த ஊரு?"

"கஸான்" என்றான் தெம்யான். நாங்கள் பேசி வைத்த பொய்.

"கஸான்ல எந்தப் பக்கம்?"

"சின்ன வயசுலயே கெளம்பிட்டோம் சார்."

"ஆனா பேச்சு வடக்கத்திப் பேச்சா இருக்கே. எங்க பக்கத்துப் பேச்சு."

தெம்யான் மாத்தேயை ஊற்றி நீட்டினான். அவரையே பார்த்து ஊற்றியதில் வெந்நீர் அவன் விரலிலேயே வழிந்தது. சுட்டதாகக்கூட அவன் காட்டிக்கொள்ளவில்லை. நஸார் அதையும் பார்த்தார்.

அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கால் வலிக்குமே, வெயில் ஏறிவிட்டதே என்றெல்லாம் சொன்னேன். அவர் அசையவில்லை. "ரெக்கோலேத்தா கல்லறை பாக்கணும். அதுவும் இருக்குன்னுதான சொன்னீங்க" என்றார். பேருந்தில் அவர் எங்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் என் பிடரி குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

கல்லறைக்குப் பக்கத்து முனையில் ஒரு பூக்கடை. அவர் அங்கே நின்றார். சிவப்புக் கார்னேஷன்களைக் காட்டி நான்கு விரலை நீட்டினார். கடைக்காரம்மா நான்கைக் கட்டிவிட்டு, "வெளியூர்க்காரரு, நம்ம ஊரு ஞாபகமா இருக்கட்டும்" என்று கொசுறாக ஒரு பூவைச் செருகினாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் அந்த ஐந்தாவது பூவை நிதானமாக உருவி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கொசுறக்கூட வேணாம்னு சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள் அவள்.

நான் பூக்களை மறுபடி எண்ணினேன். நான்குதான். உயிரோடு இருக்கிறவருக்கு நாங்கள் ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்போம். இரட்டைப்படை சவத்துக்கு. எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். இவர் தெரியாமல் வாங்கியவர் இல்லை. எண்ணி வாங்கியிருக்கிறார், மிஞ்சியதைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த சவம் யார் இருக்கிறார்கள்?

ரெக்கோலேத்தாவில் கல்லறைகள் வீடு வீடாக நிற்கும், இடையில் சந்துகள். பெரிய மனிதர்களின் கல்லறைப் பக்கம்தான் கூட்டம் இருக்கும். அவரை அந்தப் பக்கமே இழுத்தேன். அவரோ விலகி, ஒரு பூனை மட்டும் படுத்திருந்த முட்டுச்சந்துக்குள் நுழைந்தார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெம்யான் போய்விட்டான். ஓடி ஓடி அலுத்துப் போனவனின் நடை அது, எனக்குத் தெரியும். வீட்டுச் சாவியை விரலிடுக்கில் இறுக்கிக்கொண்டு நானும் போனேன்.

நஸார் திரும்பி, பூக்களை அவனிடம் நீட்டினார்.

"இந்தா, தெம்யான்."

வெந்நீர்க் குடுவை கீழே விழுந்து உருண்டது. அவருடைய மற்ற கை கோட்டுப் பைக்குள் ஆழமாகப் போனது.

"தெம்யான், ஓடுடா" என்று கத்திவிட்டேன். அவன் பெயரை நானே உறுதிப்படுத்திவிட்டேன் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவன் ஓடவில்லை. பையிலிருந்து வெளியே வந்த கையில் ஒரு போட்டோ இருந்தது. மடிந்து மடிந்து வெளுத்த போட்டோ. பதுங்குகுழியில் இரண்டு பையன்கள் ஒரே கண்ணாடிச் சாடிக்குள் கைவிட்டு வெள்ளரி ஊறுகாய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தெம்யான், காதில் கட்டோடு.

"நான் ஊறுகாயோட அப்பன்" என்றார் அவர்.

தெம்யான் பூக்களை வாங்கிக்கொண்டு அப்படியே கல்லறைப் படியில் உட்கார்ந்துவிட்டான். யெகோர் என்ற பையனைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறான். வீட்டிலிருந்து சாடி சாடியாக வெள்ளரி ஊறுகாய் வந்ததால் படையில் அவனுக்கு 'ஊறுகாய்' என்றே பெயர். சொல்லும்போதெல்லாம் பாதியில் எழுந்து போய்விடுவான்.

எனக்குப் பயம் அத்தனையும் கோபமாக மாறிவிட்டது. "காலைலயே சொல்றதுக்கென்ன? உசுரோட இருக்கறவன் கையில ரெட்டப்படப் பூவ நீட்டறீங்களே, மனுஷனா நீங்க?"

"சொன்னா ஓடிருவீங்கம்மா. இதே படையில இருந்த இன்னொரு பையனத் தேடிப் போனேன். யாருன்னு சொல்லி முடிக்கல, பின்பக்கச் சன்னல் வழியா குதிச்சுட்டான். இவன்தானான்னு எனக்கும் நிச்சயம் வேணும்ல." பூக்களைப் பார்த்தார். "என் பையனுக்குக் குழி இல்ல. இத எங்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியல. கடைசியா அவனத் தொட்டவன் இவன்தான்னு கேள்வி."

பிறகு தெம்யான் பக்கம் குனிந்தார். "எடத்த விட்டு நகராம நின்னு சண்ட போட்டு செத்தான்னு எழுதி அனுப்பிட்டாங்க. படிச்ச பள்ளிக்கூடத்துல அவன் பேர்ல கல்லு பதிச்சிருக்காங்க. அவங்கம்மா நம்பல. நாய் கொரச்சாலே நிக்கமாட்டானேங்கறா. நீ சொல்லு."

தெம்யான் என்னைப் பார்த்தான். இவருக்கு இருப்பது அந்தக் கல் ஒன்றுதான், உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். பொய் சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஓடிட்டிருந்தான்" என்றான் தெம்யான். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கெளம்பினோம். காட்ட நெருங்கிட்டோம், அப்பதான் குண்டு விழுந்துச்சு. என் கோட்ட அவன் மேல போத்திட்டு வந்தேன். தூக்கிட்டு வர என்னால முடியல."

"உனக்கு முன்னாடி ஓடினானா, பின்னாடியா?"

"முன்னாடி. அவன புடிக்கவே முடியல."

நஸார் போட்டோவைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். பூனை எழுந்து போய்விட்டது.

"ரயிலேத்திவிடும்போது நான்தான் அவன் காதுல சொன்னேன்" என்றார் கடைசியில். "போனதும் எப்படியாவது ஓடிருடான்னு. பொறந்ததுலருந்து நான் சொன்ன ஒண்ணக்கூடக் கேட்டதில்ல அவன். இதக் கேட்டிருக்கான்."

அது மகிழ்ச்சியா, தன்னைத்தானே குத்திக்கொண்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாள் முழுக்க அந்த மனிதரைக் கொலைகாரனாகப் பார்த்த கண்ணால் அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

எங்களை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். யாரோ ஒரு வாடிக்கையாளர் பெண் இணையத்தில் போட்ட படமாம். ஓரத்தில், பாதி முகமும் மடலில்லாத காதும். "டிராம் ஓட்டின கெழவன் நான், அடுக்களைல உக்காந்து கண்டுபுடிச்சேன். தேடறதே வேலையா இருக்கறவனுக்கு எவ்வளவு நேரமாகும்? வீட்ட மாத்துங்க. ஊரையே மாத்தினாலும் நல்லது." பிறகு தெம்யான் கையிலிருந்த பூக்களை மெதுவாக வாங்கிக்கொண்டார். "இது உன் கையில இருக்க வேணாம். பொண்ணு சொன்னது சரி. எங்க வெக்கட்டும்?"

இந்த ஊரின் ஒவ்வொரு மூலையும் எனக்கு அத்துப்படி என்று பீற்றிக்கொள்பவள் நான். எனக்குத் தோன்றியது ஓர் இடம்தான். மூவரும் மறுபடி பேருந்து ஏறினோம். இந்தத் தடவை அவர் தெம்யானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறி இறங்கும் ஒவ்வொரு முகத்தையும் நான் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பயம் போகவில்லை. காலையில் அதற்கு ஒரு முகம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

மே சதுக்கத்தில், தரையில் வரைந்த வெள்ளைத் தலைத்துணி ஒன்றின் மேல் நஸார் நான்கு பூக்களையும் வைத்தார். முழங்காலில் கையூன்றி எழுந்தார். காலையில் எடுத்த படங்களை என் கண்முன்னே ஒவ்வொன்றாக அழித்தார்.

"ஒண்ணு மட்டும் எடுத்துக்கறேன். அவங்கம்மாவுக்குக் காட்டணும்" என்று போனைத் தூக்கினார். பூக்களுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்ற தெம்யானைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"நீ தள்ளி நில்லு தம்பி. நீ இதுல விழக் கூடாது."

தெம்யான் விலகினான்.

"இன்னும் தள்ளு" என்றார் அவர். "நெழல் விழுது."