இரண்டாவது கட்டம்

பென்ஷன் பிரிவிலிருந்து ஃபோன் வந்தபோது அவள் ஒரு பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் ஓய்வு பெற இன்னும் பதினொரு நாள்தான். படிவத்தில் மனைவியின் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள்.

குமாஸ்தா பெண் காகிதத்தைத் திருப்பி வைத்து இடத்தைக் காட்டினாள். பேனாவோடு குனிந்தவள் அப்படியே நின்றாள். முதல் கட்டத்தில் இருந்த குறியை அடித்துவிட்டு, இரண்டாவதில் புதிதாக ஒரு குறி போட்டிருந்தது. முதலாவது முழுப் பென்ஷன், அவர் உயிரோடு இருக்கும்வரை மட்டும். இரண்டாவதில் மாதாமாதம் குறைத்துத்தான் தருவார்கள். ஆனால் அவருக்குப் பிறகு அவள் காலம் முடியும்வரை வந்துகொண்டிருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்பே சாப்பாட்டு மேசையில் பேசி முடித்த விஷயம். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறிய மெக்கானிக் உடம்பு அவருடையது. "லிஃப்ட் ரிப்பேர்னு சொல்லி எமனையே திருப்பி அனுப்பிடுவேன். முழுசாவே வாங்குவோம்" என்று சிரித்தார். சர்க்கரை தனக்குத்தான், முந்திக்கொள்ளப் போவதும் தான்தான் என்று அவளும் நம்பியிருந்தாள்.

"இதை எப்ப மாத்தினார்?"

"போன பதினாலாம் தேதிம்மா. நேர்லயே வந்தார். இதுக்கு மேல மாத்த முடியாதுன்னேன். தெரியும்னார்."

அன்றைக்குப் பல் டாக்டரிடம் போகிறேன் என்று அரை நாள் லீவு போட்டிருந்தார். ராத்திரி சாப்பிடாமல் படுத்தபோது பல்வலிதான் என்று இவளும் விட்டுவிட்டாள். போன வாரம் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு, தொந்தி கரைகிறது பார் என்று பெருமையடித்தது இப்போது ஞாபகம் வந்தது. சிரித்துத் தொலைத்தோமே என்றிருந்தது.

நல்ல மனுஷர், நிறைய பேர் பொண்டாட்டியை நினைத்துப் பார்ப்பதே இல்லை என்று குமாஸ்தா சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் கையெழுத்துப் போட்டாள். அது தன் எழுத்து மாதிரியே இல்லை.

வீட்டில் மாடிப்படிக்குக் கீழே மின்சாரப் பெட்டியைத் திறந்துவைத்து அவர் மண்டியிட்டிருந்தார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே வெள்ளை டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: சமையலறை. மோட்டார். தையல் மெஷின்.

"டார்ச்சைப் பிடி. எது நின்னா எதைத் தட்டணும்னு சொல்லித் தரேன்."

"நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவர் திரும்பவில்லை. "தெரிஞ்சு வச்சுக்கோ."

வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்காமல் டார்ச்சை வாங்கிப் பிடித்தாள். வெளிச்சம் பெட்டிக்குள் நிலைகொள்ளாமல் அலைந்தது. அவர் இடக்கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிடியை விடாமலே, வலக்கையால் அடுத்த டேப்பில் எழுதத் தொடங்கினார்.