தூணுக்குள் முனகும் கைராசி

1

இந்தக் கதை ஒரு தோள்வலியில் பிறந்தது. பந்தலுக்கு அடியில் நின்று, பேஷன் பழப் பூக்களுக்கு விரலால் மகரந்தம் தொட்டுவைக்கும் ஒருத்தியின் வலி. பூ மதியம் விரியும். பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும். அதுவரை தூக்கிய கை இறங்காது.

'தங்கத்தூள் படிந்த விரல்களோடு அவள்…' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். வலிக்கிற கைக்குத் தங்கம் எதற்கு?

2

ஒரு கொடியின் தூளை இன்னொரு கொடியின் பூவில் வைக்க வேண்டும். அவளோ அசதியில் அதே கொடிக்கே வைத்துக்கொண்டு போனாள். அப்படி வைத்தால் பிஞ்சு பிடிக்காது. ஆனால் தோட்டத்திலேயே அவள் வரிசைதான் காய்த்துக் குலுங்கியது. மேஸ்திரி அவளுக்குக் கைராசிக்காரி என்று பேர் வைத்தார்.

3

ராசி இருந்தது பந்தலைத் தாங்கும் பட்டுப்போன ஒரு மரத்தூணில். விரல் நுழையும் ஓட்டை, கீழே மரத்தூள். கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு (புத்தகத்தில் தச்சுத் தேனீ), கொடிக்குக் கொடி தாவியதில் மகரந்தம் அப்பிய மஞ்சள் முதுகோடு உள்ளே போனது. அவள் தூணில் காதை வைத்தாள். மரத்துக்குள் யாரோ தூக்கத்தில் முனகினார்கள். அவளுக்கும் கண் சொருகியது. பந்தலே முனகியது. பூக்கள் ஒவ்வொன்றாகத் தலைகுனிந்து அவளிடம்…

(இந்த வாக்கியம் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியவில்லை. கிடக்கட்டும்.)

பக்கத்து வரிசை நாத்தனார் வந்து எட்டிப்பார்த்தாள். பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"உங்க கைராசிக்கு ரெக்கை மொளச்சிருக்கே அண்ணி. மேஸ்திரி பாத்தாருன்னா நம்ம ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சுது. களிமண்ண வச்சு அடச்சிடுங்க."

"உள்ள குஞ்சு இருக்கும்டி."

"நம்ம வீட்டுலயுந்தான் இருக்கு."

4

முடிவு ஒன்று: அடைக்கிறாள். முனகல் நிற்கிறது. வேலை நிலைக்கிறது.

முடிவு இரண்டு: விட்டுவிடுகிறாள். தூணுக்குத் தூண் வண்டு பெருகுகிறது. அடுத்த பூப்பருவத்துக்கு ஆள் வேண்டாம் என்கிறார் மேஸ்திரி.

முடிவு மூன்று: மேஸ்திரி மனமிரங்கி இருவருக்கும் வேறு வேலை… வேண்டாம். அப்படியொரு மேஸ்திரியை நான் பார்த்ததில்லை.

5

அவள் கையில் களிமண் காய்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கையை நான் நகர்த்தமாட்டேன். அடைப்பதோ விடுவதோ இனி உங்கள் பாடு. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். போன பூப்பருவத்தில் ஒரு மதியம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, இரண்டு வரிசையையும் ஒருத்தியாகத் தொட்டுவைத்தவள் அந்த நாத்தனார்தான். பூவுக்குக் கை தேவைப்படும்வரைதான் அந்த உழைப்பை அவள் திருப்பித் தரமுடியும்.

நாத்தனாருக்கு ஒரு மதிய வேலை இன்னும் கடன்.