கீழாநெல்லியும் ஒரு சொட்டு ரத்தமும்

"ஊசி ஊசியா குத்தி, ரத்தத்த உறிஞ்சியே கொன்னுட்டாங்க. என் கையில விட்டிருந்தா மச்சான் இன்னிக்கு லாரி ஓட்டிக்கினு இருப்பாரு" என்று சாவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பாதுரை.

உள்ளே செத்துக் கிடந்த புருஷன் சகாதேவனின் தலைமாட்டில் இருந்த ரேணுகாம்பாளுக்கு அண்ணன் பேச்சு நன்றாகக் கேட்டது. அண்ணன் கையில்தான் விட்டிருந்தாள். ஒரிசா காட்டுக்கு மர லோடு ஏற்றப் புருஷன் போனான். லாரி முதலாளி என்ற கெத்தில் அண்ணனும் கூடப் போனார். திரும்பி வந்ததும் சகாதேவனுக்குக் குளிர்காய்ச்சல், கண்ணில் மஞ்சள். "காமாலை" என்று தீர்ப்பளித்து, உப்பை நிறுத்தி, கீழாநெல்லி அரைத்து ஊற்றினார் அப்பாதுரை. திருவண்ணாமலையில் காமாலைக்கு அவர்தான் சர்க்கார். மறுநாள் காய்ச்சல் விட்டது, தெருவுக்கே அறிவித்தார். அதற்கும் மறுநாள் சகாதேவனுக்கு நினைவு தப்பியது.

வேலூர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் சந்திரகலா அவன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். "மலேரியாம்மா. மூளைக்குப் போயிடுச்சு. ரத்தம் உடையறதாலதான் கண் மஞ்சள்." ஏன் தாமதம் என்று அதட்டவில்லை. கொயினா மருந்தைக் குளுக்கோஸில் கலந்து சொட்டுச் சொட்டாக இறக்கினார். கட்டிலை விட்டு நகரவில்லை. ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கியதையும் அவரே கண்டுபிடித்து ஏற்றினார். சகாதேவன் கண் விழித்தான். "சோத்துல உப்பு போடு ரேணு" என்றான்.

பிறகு சிறுநீரகம் நின்றது.

டாக்டர் வெளியே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "காப்பாத்த முடியலம்மா. லாரியில கூடப் போனவங்களுக்குக் காய்ச்சல் வந்தா அன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

இப்போது சாவு வீட்டு வாசலில் அண்ணனின் பேச்சு நின்றிருந்தது. ரேணுகாம்பாள் எட்டிப் பார்த்தாள். சித்திரை வெயிலில், ஏதோ கூட்டத்தில் தனக்குப் போர்த்திய பொன்னாடையை இறுகச் சுற்றிக்கொண்டு அண்ணன் உதறிக்கொண்டிருந்தார்.

"துக்கத்துல ஒடம்பு ஆடுது" என்றார், பல் கிட்டிக்க.

அவள் எழுந்தாள். பிணம் எடுக்குமுன் பெண்டாட்டி எழுவதா என்று பெண்கள் பதறினார்கள். நேராகப் போய் ஊர் பார்க்க அண்ணனின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

"மஞ்சளா கீது."

"அதான் கீழாநெல்லி அரைக்கச் சொல்லிட்டேன்."

"ஒன் வைத்தியத்துக்கு ஒருத்தர் போனது போதும்ணா. தெருவுல நிக்கற டாக்ஸில ஏறு."

"எடுக்கற நேரத்துல நான் இல்லன்னா ஜனம் இன்னா சொல்லும்?"

"நீயே இல்லன்னா நான் யாருகிட்ட சண்ட போடுவேன்?"

அப்பாதுரை ஏறிக்கொண்டார். அவள் ஜன்னலில் குனிந்தாள்.

"சந்திரகலா டாக்டர்னு கேளு. விரல நீட்டு. வாயத் தொறக்காத."

அதற்குள் பாடை தெருவில் இறங்கிவிட்டது. பின்னால் ஹாரன் கேட்டது. சுமந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சாக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மேளம் நின்றது. டாக்ஸி முதலில் போயிற்று.